பிரான்சிஸ்காவின் வருடாந்தரப் பாவம்

பதுளையில் பிரான்சிஸ்காவைப் போல ஒழுங்காகப் பாவம் செய்தவர் எவரும் கிடையாது. மற்றவர்கள் கண்ட நேரத்தில் கண்ட பாவத்தைச் செய்துவிட்டு, பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலில் நின்றதும் என்ன செய்தோம் என்று தலையைச் சொறிவார்கள். அவளுக்கு அந்தச் சிரமமே இல்லை. வருடத்துக்கு ஒரே பாவம், அதுவும் போன வருடத்துப் பாவமே. புனித அந்தோனியார் திருநாளுக்கு முந்திய வாரம், மரத் தட்டிக்கு அப்பால் காதைக் கொடுத்து உட்கார்ந்திருக்கும் எட்வர்ட் சுவாமியிடம் போய், "சாமி, இந்த வருசமும் மாவுல கலந்துட்டேன்" என்பாள்.

சுவாமி பெருமூச்சு விடுவார். "ஏனம்மா கலக்கிறாய்? என்ன கஷ்டம் உனக்கு?" என்று கேட்பார். அவள் சொல்வாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இனிமேல் செய்யமாட்டாயா?" என்பார். "பாக்குறேன் சாமி" என்பாள். பத்து அருள் நிறைந்த மந்திரம் அபராதம். அதை வீட்டுக்குப் போகும் வழியிலேயே சொல்லி முடித்து, மனம் இலவம்பஞ்சாய் லேசாகி, மறுநாள் காலையில் மறுபடியும் கலப்பாள். இதில் சுவாமியின் நிலைமைதான் பரிதாபம். வயிற்றுப்புண்ணுக்கு அவர் மூன்று வேளையும் குடித்த கஞ்சி அதே மாவில் காய்ச்சியது. வேறு மா வாங்கலாமே என்கிறீர்களா? வாங்கிப் பார்த்தார். இறங்கவில்லை.

அந்த மாவுக்கு ஊரில் 'யேசுரத்தினம் மா' என்று பெயர். யேசுரத்தினம் பிரான்சிஸ்காவின் புருஷன். பசறைக்குப் போகும் வீதியோரம், வீட்டுக்குப் பின்னாலுள்ள சரிவில் கூவைக்கிழங்கு போட்டிருந்தார். நல்ல உயரம், நல்ல மீசை, அந்த இரண்டையும் விடப் பெரிய வாய். பசறை, நமுனுகுல என்று பஸ் ஏறித் தேயிலைத் தோட்டந்தோட்டமாய்ப் போய், பிள்ளைக் காம்பராக்களில் கைக்குழந்தைகளுக்குக் கூவை மா கொடுத்துவிட்டு வருவார். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் அந்தக் காம்பராக்களில் அவர் கால் வைத்தால் மாமன் வந்த மாதிரி வரவேற்பு. "பதுளையில பாதிப் புள்ளைங்க என் மாவு குடிச்சு எந்திரிச்சு நின்னதுதான்" என்பார். அவருக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. அதனால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாவற்றையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டார்.

கிழங்கு தோண்டுவது அவர். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் பின்கொட்டகையில் பிரான்சிஸ்கா. கழுவி, செதில் உரித்து, இடித்து, தண்ணீரில் கரைத்து, வெள்ளைத் துணியில் வடித்து, படியவிட்டு, தெளிந்ததைக் கொட்டி, மறுபடி கரைத்து, மறுபடி படியவிட்டு, வெயிலில் காயவைத்து, காக்கை விரட்டி... எனக்கு எழுதவே கை வலிக்கிறது. அவர் அந்தக் கொட்டகைக்குள் தலை குனிந்து நுழைந்ததே இல்லை. வாசல் தாழ்வு என்பது ஒரு காரணம்.

பாவம் தொடங்கியது நாற்பத்தொன்பதாம் ஆண்டு. அந்த வருடம் காட்டுப்பன்றிகள் வந்து பாத்தியை உழுதுவிட்டுப் போயின. மிஞ்சியது ஒரு கூடைக் கிழங்கு. அதே சமயம் யேசுரத்தினத்துக்கு நெருப்புக் காய்ச்சல். மனுஷன் பிரக்ஞை இல்லாமல் கிடக்கிறார், தோட்டங்களிலிருந்து மா எங்கே என்று ஆள்மேல் ஆள் வருகிறது. பிரான்சிஸ்கா என்ன செய்வாள்? வேலியோரம் மரவள்ளி ஆளுயரத்துக்கு நின்றது. பிடுங்கினாள், அதே மாதிரி இடித்தாள், வடித்தாள், காயவைத்தாள். கூவை மாவோடு மூன்றில் ஒரு பங்கு சேர்த்தாள். வெள்ளைக்கு வெள்ளை, எவனுக்குத் தெரியப்போகிறது?

தெரியாமல் போனது மட்டுமா! கஞ்சி முன்னைவிடப் பளபளவென்று திரண்டு நின்றது. பிள்ளைகள் சப்புக்கொட்டின. புருஷனுக்கும் அதையே ஊட்டினாள். அவர் கண் திறந்து, ஒரு வாய் குடித்து, இன்னொரு வாய் கேட்டு, எழுந்து உட்கார்ந்து சொன்ன முதல் வார்த்தை: "பாத்தியா பிரான்சி, நான் படுத்துக் கெடந்தாலும் என் மண்ணு படுக்கல. இந்த மாதிரி மாவு என் வாழ்நாள்ல எறங்கல!"

இதற்கப்புறம் உண்மையைச் சொல்ல முடியுமா? அடுத்த வருடம் பயபக்தியோடு சுத்தமான கூவை மா செய்து கொடுத்தாள். ஊரெல்லாம் புகார். "என்னாங்க யேசுரத்தினம், இந்தத் தடவை தண்ணியா நிக்குது?" அவர் வீட்டுக்கு வந்து கத்தினார்: "நான் தங்கமாட்டம் கெழங்கு தோண்டித் தர்றேன். நீ கை பாகத்தைக் கெடுத்து வச்சிருக்கே!" சரி, பாகம் வேண்டுமா, இந்தா பாகம் என்று பிரான்சிஸ்கா மரவள்ளியைப் பிடுங்கினாள். அவர் வாயாலேயே அவருக்கு வந்த வினை அது. ஆனால் ஒவ்வொரு முறை கலக்கும்போதும் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்ள அவள் மறந்ததில்லை.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு அவர்கள் வீட்டு முன்னறைக்குப் பரமலிங்கம் மாஸ்டர் குடிவந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பதுளையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் படிப்பித்தார். ஒல்லியான, மரியாதையான மனிதர். ஒரேயொரு குறை, பொய் சொல்லத் தெரியாது. தலைமை ஆசிரியரின் மனைவி கேக் செய்து கொடுத்து எப்படி என்று கேட்டபோது, "உப்புக் கொஞ்சம் கூட" என்று சொல்லி, அந்த வருடம் முழுவதும் கடைசிப் பாடவேளையை வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

ஆய்வுகூடக் கூரை ஒழுகியதால், சிறியதைப் பெரிதாக்கிக் காட்டும் நுணுக்குக்காட்டியை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். ஒரு நாள் பிரான்சிஸ்கா முற்றத்தில் உருளைக்கிழங்கு வெட்டிக்கொண்டிருக்க, ஒரு துண்டு கேட்டு வாங்கினார். சவர அலகால் சருகு போல ஒரு சீவல் எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, அயடின் ஒரு சொட்டு விட்டார். "வாங்கோ அக்கா, வந்து பாருங்கோ" என்றார்.

பிரான்சிஸ்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். "கறுப்பா ஒரு வேலி தெரியுது மாஸ்டர்."

"அது உங்கட கண் மயிர். கொஞ்சம் தள்ளி நிண்டு பாருங்கோ."

தள்ளி நின்று பார்த்தாள். "ஐயோ மாதாவே!" என்றாள். "லயம்! லயம் மாஸ்டர், லயம்!"

அப்படித்தான் இருந்தது. சுவரோடு சுவர் ஒட்டி அறை அறையாய். ஒவ்வொரு அறைக்குள்ளும் சிப்பி வடிவத்தில் நீல மணிகள், நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்து அறைக்குள் எத்தனை பேர் படுக்கலாம் என்று கணக்கில்லாத மாதிரி, இங்கேயும் கணக்கில்லை.

"ஒவ்வொரு அறையும் ஒரு கலம் அக்கா. உள்ளுக்குக் கிடக்கிறது மாப்பொருள் மணி. சும்மா கொட்டிக் கிடக்கேல்லை. ஒவ்வொரு மணியும் தனக்கெண்டு ஒரு நுண்ணிய பைக்குள்ள இருந்துதான் வளரும். முதல் ஒரு புள்ளி, பிறகு அதைச் சுத்திப் படை படையாய்ச் சேரும். கிழங்கு தன்ர முளை சாப்பிடுறதுக்கெண்டு சேமிச்சு வைக்கிறது."

"அப்ப நாம அது புள்ளைக்கு வச்ச சோத்தத் திருடித் திங்கிறோமா?"

மாஸ்டர் சற்று யோசித்தார். "ஓம்" என்றார். வேறு என்ன சொல்வார்?

அவளுக்கு ஒரே சந்தோஷம். இத்தனை வருடம் இடித்துக் கரைத்த வெள்ளைக்குள் இப்படி ஒரு வீடும் வாசலுமா! வாய் சும்மா இருந்திருக்கலாம். "எல்லாக் கெழங்கும் உள்ளுக்கு இதே மாதிரித்தானுங்களா?" என்று கேட்டாள்.

"ஐயோ, இல்லை அக்கா!" மாஸ்டருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "ஒவ்வொரு கிழங்குக்கும் மணி வேற. உருளைக்கிழங்கு சிப்பி மாதிரி. கூவை முட்டை மாதிரி, ஒரு பக்கத்தில சின்ன வெடிப்பு. மரவள்ளி கவிட்டு வைச்ச சட்டி மாதிரி, ஒரு பக்கம் உருண்டை, மற்றப் பக்கம் தட்டை. இடிச்சாலும் மாறாது, காயவைச்சாலும் மாறாது. அவிச்சால்தான் உடையும். ஒருத்தன் மாவில கலப்படம் செய்தால் இதில ஒளிக்கேலாது. ஒரு சிட்டிகை காணும், பிடிச்சுப்போடுவன்."

பிரான்சிஸ்காவுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய நிலைமை. "அடுப்புல ஏதோ தீயுது" என்று உள்ளே போனாள். அடுப்பு மூட்டவே இல்லை.

சாயந்தரம் பஸ்ஸிலிருந்து இறங்கிய யேசுரத்தினமும் குனிந்து பார்த்தார். மாஸ்டர் பாத்தியிலிருந்து ஒரு கூவைக்கிழங்கைப் பிடுங்கிச் சீவிக் காட்டினார். வெடிப்பு விழுந்த முட்டைகள். வேலியோர மரவள்ளியையும் சீவிக் காட்டினார். கவிழ்த்த சட்டிகள். யேசுரத்தினம் நிமிர்ந்தபோது கண்ணில் நீர் நின்றது. "அடியே பிரான்சி, வந்து பாருடி! என் மாவுக்கு மொகம் இருக்குடி!" என்றார். பிறகு மீசையைத் தடவினார். அவர் மீசையைத் தடவினால் யாருக்கோ வில்லங்கம் என்று அர்த்தம்.

வில்லங்கம் ஸலீமுக்கு. பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஸலீமும் கூவை மா விற்றார். யேசுரத்தினம் மறுநாள் காலையிலேயே கடை வாசலில் போய் நின்று, தெருவுக்கே கேட்கும்படி, "ஸலீம் நானா! உங்க மாவுல மரவள்ளி இருக்குன்னு நான் சொல்றேன். இல்லேன்னு நிரூபிக்க முடியுமா?" என்றார்.

"அல்லாவுக்குப் பொதுவாச் சொல்றேன், என் மாவு சுத்தம்" என்றார் ஸலீம். "உங்க மாவு சுத்தமான்னு மொதல்ல பாருங்க. எப்படி அது மட்டும் அந்தத் திரட்டு திரளுது?"

"என் மாவா? என் மாவுல மரவள்ளி ஒரு மணி இருந்தாலும், அந்தோனியார் கூட்டை நான் இனித் தொடமாட்டேன்!"

பஜாரில் போனவர் வந்தவர் எல்லாம் நின்றுவிட்டார்கள். திருநாளன்று மாலை சுற்றுப்பிரகாரத்தில் அந்தோனியாரின் சுரூபக் கூட்டைத் தூக்கும்போது, முன்கம்பு யேசுரத்தினத்துடையது. வாலிப வயதிலிருந்து அவருடையது. கிறிஸ்மஸுக்குக்கூடத் துணி எடுக்காதவர் அந்த ஒரு நாளுக்காகச் சட்டை தைப்பார். கம்பு பட்டுத் தோளில் ஒரு காய்ப்பு இருந்தது. அதை யாராவது கேட்டால் சட்டையைக் கழற்றிக் காட்டுவார், கேட்காவிட்டாலும் காட்டுவார். அதையல்லவா வைத்துச் சத்தியம் பண்ணிவிட்டார்! திருநாளன்று காலைப் பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் இரண்டு மாவையும் மாஸ்டர் எல்லோருக்கும் முன்னால் பார்த்துச் சொல்வது என்று முடிவானது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது பெண்டாட்டி கிடையாது.

அந்தச் செய்தி எட்வர்ட் சுவாமிக்கு எட்டியபோது அவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். புரையேறியது.

சுவாமியின் சங்கடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே ஒரு சொல்லாலோ, ஒரு பார்வையாலோ காட்டக்கூடாது. உயிர் போனாலும் கூடாது. "வேண்டாம்" என்று தடுத்தால் ஏன் என்பார்கள். தடுக்காவிட்டால் அந்தப் பெண் கதி என்ன? மாஸ்டரை வழியில் கண்டு, "மாவைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது? ஈயின் கண்ணைக் காட்டினால் சனங்கள் ரசிப்பார்களே" என்று சொல்லிப் பார்த்தார். "அதையும் காட்டலாம் சுவாமி, மாவுக்குப் பிறகு" என்றார் மாஸ்டர்.

பிரான்சிஸ்கா அந்த வருடம் திருநாள் வாரத்தின் முதல் நாளே பாவசங்கீர்த்தனத்துக்கு ஓடினாள்.

"சாமி, இந்தத் தடவை வேற மாதிரி ஆயிருச்சு."

"புருஷனிடம் சொல்லிவிடு, அம்மா."

"சொன்னா செத்துருவாருங்க."

"சொல்லாவிட்டால்?"

"கம்பு போயிரும். அப்பவும் செத்துருவாரு."

"அந்தோனியாரிடம் மன்றாடு" என்றார் சுவாமி கடைசியில். அவளும் மன்றாடப் போனாள். போய் நின்ற பிறகுதான் உறைத்தது, அந்தோனியார் காணாமற்போனதையெல்லாம் கண்டெடுத்துக் கொடுக்கிற புனிதர். "ஐயா, இந்த ஒரு தடவை மட்டும் ஒண்ணையும் கண்டுபுடிச்சுத் தந்துராதீங்க" என்று கெஞ்சிவிட்டு, மெழுகுதிரியும் ஏற்றிவிட்டு வந்தாள்.

புனிதரை மட்டும் நம்பி இருக்கிற ஆள் இல்லை அவள். சுத்தமான கூவை மா செய்யப் பாத்தியில் முற்றின கிழங்கு இல்லை. பதுளையில் சுத்தமான கூவை மா எங்கே கிடைக்கும்? மனச்சாட்சிப்படி யோசித்தால், சத்தியம் பண்ணிய ஸலீமின் கடையில்தான். முக்காட்டை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள்.

"யாரு, யேசுரத்தினம் ஊட்டு அக்காவா?" என்றார் ஸலீம். முக்காடு போட்டால் பதுளையில் ஆளை மறைக்க முடியாது, ஆள் எதையோ மறைக்கிறார் என்பதைத்தான் காட்டும். "எங்க மாவு உங்களுக்கு எதுக்கு?"

"சட்டைக்குக் கஞ்சி போட" என்றாள் பிரான்சிஸ்கா.

ஸலீமின் முகம் சுண்டிப்போனது. பிள்ளைகளுக்கென்று பார்த்துப் பார்த்து எடுத்துவைத்த மா! நிறுத்துக் கொடுத்தார். எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது.

திருநாளன்று காலையில், கோயிலுக்குக் கொண்டுபோக யேசுரத்தினம் எடுத்துவைத்த மாப் பையில் அவள் ஸலீமின் மாவை நிரப்பிக் கட்டி வைத்துவிட்டாள். இனி ஸலீமின் மாவும் ஸலீமின் மாவும் போட்டி போடட்டும் என்று தலை வாரப் போனாள். பாதி வாரும்போது முன்னறையில் இடி இடித்தது.

"அடியே! இது என் மாவு இல்லடி!"

ஓடிவந்தாள். யேசுரத்தினம் பைக்குள் கைவிட்டு, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "நம்ம மாவு இப்படியா இருக்கும்? இது சுண்ணாம்பாட்டம் இருக்கு! எவனோ ஊட்டுக்குள்ள பூந்து மாத்திட்டான். ஸலீம் ஆளாத்தான் இருக்கணும்!"

"இல்லீங்க, அதுதாங்க நம்ம மாவு..."

"எனக்குத் தெரியாதாடி என் மாவை? கண்ணைக் கட்டிக்கிட்டு நூறு மாவுல என் மாவைத் தொட்டுச் சொல்லுவேன்!" பையை முற்றத்தில் கொட்டினார். கோழிகள் ஓடிவந்தன. சமையலறைக்குப் போய், பெரிய தகர டின்னிலிருந்து, தொட்டு, தேய்த்து, முகர்ந்து, "ஆ! இதுதான் மாவு!" என்று தன் கையாலேயே நிரப்பிக்கொண்டு கிளம்பினார். பிரான்சிஸ்கா பாதிப் பின்னலோடு பின்னால் போனாள்.

ஆனி மாத வெயில் கோயில் முற்றத்தில் கண்ணைப் பறித்தது. மழை வந்தால் கருவிக்கு வெளிச்சம் கிடைக்காது என்று மாஸ்டர் சொல்லியிருந்ததால், அவள் மேகம் தேடி அண்ணாந்து பார்த்தாள். நமுனுகுல மலை கழுவித் துடைத்த மாதிரி நின்றது. சனமோ தேர்த் திருவிழாக் கூட்டம். கைப்பிள்ளைக்காரிகள் தோட்டங்களிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள். ஸலீம் வெள்ளைத் தொப்பியோடு வந்து நின்றார். பின்னால் மகள் நபீலா, இடுப்பில் கொழுகொழுவென்று ஒரு பையன். சுவாமி ஒரு தூணோரம் நின்று செபமாலையை உருட்டினார்.

மாஸ்டர் முதலில் ஸலீமின் மாவைப் பார்த்தார். "முட்டை, முட்டை, எல்லாம் முட்டை. சுத்தமான கூவை மா" என்றார்.

யேசுரத்தினத்துக்கு அது விழுங்கக் கடினமாக இருந்தது. ஆனாலும் விழுங்கினார். "நான் சொன்னது தப்பு நானா. எல்லாருக்கும் முன்னால சொல்றேன்" என்றார். பிறகு மார்பை நிமிர்த்தி, "இப்ப நம்ம மாவப் பாருங்க மாஸ்டர்" என்றார்.

மாஸ்டர் பார்த்தார். வில்லையைத் துடைத்தார். பார்த்தார். வேறு தகட்டில் வேறு சிட்டிகை எடுத்து, அயடின் விட்டு, மறுபடி பார்த்தார். அந்த வீட்டில் தின்கிற சோற்றின் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பொய் சொல்லத் தெரியாத மனிதனுக்கு உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யவும் தெரியவில்லை. கடைசியில், "அண்ணை, நீங்களே ஒருக்கால் பாருங்கோ" என்று விலகி நின்றார்.

யேசுரத்தினம் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. பிரான்சிஸ்காவுக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. புதுச் சட்டை. காது மடல் இரண்டும் மெல்லச் சிவந்தன. முட்டைகளுக்கு நடுவில் கவிழ்த்த சட்டிகளை அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. பூமி பிளக்கக் கூடாதா என்று நினைத்தாள்.

அவர் நிமிர்ந்தார். கூட்டத்தில் கண்ணை ஓட்டி, பாதிப் பின்னலோடு நின்றவளைத் தேடிப் பிடித்து, ஒரு கணம் பார்த்தார். பிறகு உரத்த குரலில், "இந்த மாவுல மரவள்ளி இருக்கு. நான்தான் கலந்தேன்" என்றார்.

சனம் ஆவென்று வாயைப் பிளந்தது. பிரான்சிஸ்காவுக்கு முதலில் காது அடைத்தது. அப்புறம் அடக்க முடியாத கோபம் வந்தது.

"பொய்!" என்று கத்திக்கொண்டே சனத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "திருநாளும் அதுவுமா, கோயில் வாசல்ல நின்னு பொய் சொல்றீங்களே, வெக்கமா இல்ல? நீங்க எப்ப கலந்தீங்க? கொட்டாய்க்குள்ள காலடி வச்சிருக்கீங்களா? மரவள்ளி பிடுங்குனது நானு, இடிச்சது நானு, கலந்தது நானு! வருசா வருசம் முழங்கால் தேய அழுதது நானு! அது என் பாவம்! அதையும் உங்க பேர்ல எழுதிக்கப் பாக்குறீங்களா? சந்தேகமா இருந்தா சாமியையே கேளுங்க!"

எல்லாத் தலையும் சுவாமி பக்கம் திரும்பியது. சுவாமி கோயில் கூரையை அண்ணாந்து பார்த்து, ஓடு உடைந்திருக்கிறதா என்று மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. பார்வைகூடத் திரும்பவில்லை. சனங்களுக்கு விளங்கிவிட்டது.

முதலில் பேசியது நமுனுகுலப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிள்ளைக்காரி. "மரவள்ளியோ மண்ணாங்கட்டியோ, எம்புள்ள வேற மாவத் துப்புதுங்க. எங்களுக்கு இதே மாவுதான் வேணும்."

"ஆமாங்க, கைபாகத்த மாத்திராதீங்க அக்கா!" என்று இன்னொருத்தி.

ஸலீம் இரண்டு கையையும் விரித்தார். "இதென்ன அநியாயம்! சுத்தமான மாவு என்னோடது. செயிச்சது நான்!"

நபீலா மெல்ல இடுப்புப் பிள்ளையை மற்றப் பக்கம் மாற்றினாள். "வாப்பா," என்றாள், "ஏசாதீங்க. இவன் பொறந்ததுல இருந்து குடிக்கிறது அந்த மாவுதான்."

ஸலீம் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். சற்று நேரம் கழித்து, "சட்டைக்குக் கஞ்சி போடணும்னு வாங்குனீங்களே அக்கா, அதையாவது போட்டீங்களா?" என்று கேட்டார். முற்றம் முழுக்கச் சிரித்தது. யேசுரத்தினம் மட்டும் சிரிக்கவில்லை. காலையில் முற்றத்தில் கொட்டிய மா எங்கிருந்து வந்தது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

மாலையில் கூட்டைத் தூக்கும் நேரம் வந்தது. "அதெல்லாம் மறந்துருங்க அண்ணே, வந்து தோள் குடுங்க" என்றார்கள். ஸலீம்கூட ஆள் அனுப்பி, தான் அந்தச் சத்தியத்தை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். யேசுரத்தினம் மறுத்துவிட்டார். "சொன்னது சொன்னதுதான்" என்றார். அவர் இடத்துக்கு ஒரு வாலிபனைப் போட்டார்கள். பையன் ஒரு சாண் குட்டை. அந்த வருடம் அந்தோனியார், யாருக்கோ காதுகொடுக்கிற மாதிரி ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே ஊர்வலம் போனார்.

யேசுரத்தினத்துக்கு எங்கே நடப்பது என்று தெரியவில்லை. கூட்டுக்கு முன்னால் நடந்தே பழகியவர். ஆண்கள் வரிசையில் நுழைந்தால் எல்லோரும் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார்கள். அது தாங்காமல் பின்தங்கிப் பின்தங்கி, கடைசியில் பெண்கள் வரிசையோரம் பிரான்சிஸ்காவுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தார். கல்யாணத்தன்று கோயிலை விட்டு வெளியே வந்தபோது இருவரும் அப்படிச் சேர்ந்து நடந்தார்கள். அதற்கப்புறம் இன்றைக்குத்தான். அவள் ஒரு மெழுகுதிரியை அவர் கையில் கொடுத்தாள்.

"எவ்வளவு காலமா?" என்று கேட்டார்.

"உங்களுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்த வருசத்துல இருந்து."

"அப்ப நான் பொழைச்சது?"

"அதுலதான்."

சற்றுத் தூரம் நடந்தார்கள். முன்னால் செபமாலை சொல்லிக்கொண்டு போனார்கள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல பிரான்சி?"

"நீங்க கேட்டீங்களா?" என்றாள் அவள். கோபமாகச் சொல்லத்தான் நினைத்தாள். குரல் உடைந்துவிட்டது. "சாமியாவது வருசத்துக்கு ஒரு தடவை, ஏம்மா கலக்குறே, என்னா கஷ்டம்னு கேட்டாரு. நீங்க ஒரு நாள், ஒரே நாள், கொட்டாய்ப் பக்கம் எட்டிப் பாத்து, இந்த மாவு எப்படி ஆகுதுன்னு கேட்டதுண்டா?"

உருகிய மெழுகு யேசுரத்தினத்தின் கையில் வழிந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. ஊர்வலம் பாலத்தைத் தாண்டி, பஜாரைத் தாண்டி, மேட்டில் திரும்பியது.

"எப்படி ஆகுது?" என்று வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டார்.

கேலி செய்கிறாரோ என்று அவள் ஏறிட்டுப் பார்த்தாள். மனுஷன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தார். மூக்கை முந்தானையில் சிந்திவிட்டு, "மொதல்ல கெழங்கக் கழுவணும்" என்று ஆரம்பித்தாள். "ஒரு தண்ணியில இல்ல, மூணு தண்ணியில. நீங்க தோண்டிட்டு வர்ற லட்சணத்துக்கு நாலு தண்ணி..."

முன்னால் போன பெண்கள் திரும்பி முறைத்தார்கள். இருவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். செபமாலையின் கடைசிப் பத்து மணியும் முடிகிற வரைக்கும் அவர்கள் கிழங்கு கழுவிக்கொண்டே நடந்தார்கள்.